பழைய எக்ஸ்ரே மெஷினுக்கு வயர்லெஸ் டிஆர் பேனல்: வாங்கலாமா, சிஆரே போதுமா?

சிறிய மருத்துவமனையிலோ ஸ்கேன் சென்டரிலோ டீலர் வந்து உட்கார்ந்தால் இப்போதெல்லாம் முதல் பேச்சு இதுதான்: "மெஷினை மாத்தவே வேண்டாம் சார். பேனல் மட்டும் போட்டுக்கலாம், நாளைக்கே டிஜிட்டல்." ஓடிக்கொண்டிருக்கும் 100 எம்ஏ அல்லது 300 எம்ஏ மெஷின் (எம்ஏ என்பது டியூபில் ஓடும் மின்னோட்டம், மில்லிஆம்பியர் கணக்கில்) அப்படியே இருக்கும். பிலிம் கேசட் இருந்த இடத்தில் ஒரு பேனல், பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர், அவ்வளவுதான். இதற்கு ரெட்ரோஃபிட் என்று பெயர். பேனலே நேரடியாகப் படத்தை எண்ணாக்கும் இந்த முறைதான் டிஆர் (டிஜிட்டல் ரேடியோகிராஃபி). கேசட்டில் ஒரு தகட்டை வைத்து எடுத்து, தனி ரீடரில் வாசிக்கும் முந்தைய முறை சிஆர் (கம்ப்யூட்டட் ரேடியோகிராஃபி). இங்கே பார்க்கப்போவது ஏதோ ஒரு கம்பெனியின் மாடல் அல்ல. 14க்கு 17 அங்குல வயர்லெஸ் பேனல் என்ற அந்த வகையையே எடுத்துப் பார்க்கலாம். எல்லாக் கம்பெனிப் பேனலுக்கும் அடிப்படை ஒன்றுதான். மாறுவது உள்ளே இருக்கும் ஒளிரும் படலமும், எக்ஸ்ரேயை உணரும் விதமும், உறையும் மென்பொருளும் சர்வீஸும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பேனல் நல்ல சாமான். நாளுக்கு முப்பது, நாற்பது படம் எடுக்கும் இடத்தில் அது தரும் வேகத்துக்கு ஈடு கிடையாது. ஆனால் பின்னால் இருக்கும் மெஷின் தள்ளாடினால் பேனல் அதைத் தாங்கிப் பிடிக்காது, காட்டிக்கொடுத்துவிடும். கொட்டேஷனில் பேனலைப் பற்றி நாற்பது வரி இருக்கும், உங்கள் மெஷினைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. சிக்கல் வருவது அங்கிருந்துதான்.

உள்ளே என்ன நடக்கிறது

ஒரு செஸ்ட் பிஏ படத்தை, அதாவது முதுகுப் பக்கமிருந்து கதிர் விட்டு எடுக்கும் மார்புப் படத்தை, எடுத்துக்கொள்வோம். நோயாளி ஸ்டாண்டில் மார்பை ஒட்டி நிற்கிறார், டியூப் 180 செ.மீ. தள்ளி இருக்கிறது. "மூச்சை நல்லா இழுங்க, அப்படியே பிடிங்க" என்று சொல்லி ஹேண்ட் ஸ்விட்ச்சைப் பாதி அழுத்தினால் டியூபுக்குள் ஆனோடு சுழலத் தொடங்கும், ஃபிலமென்ட் சூடேறும். முழுக்க அழுத்தினால் எக்ஸ்ரே கிளம்பும். காற்று நிறைந்த நுரையீரல் வழியாக நிறையக் கதிர் கடந்து வரும். இதயம், முதுகெலும்பு வழியாகக் கொஞ்சம்தான் வரும். இந்த ஏற்றத்தாழ்வுதான் படம். மிச்சமெல்லாம் அதை எண்ணாக மாற்றும் வேலை.

பேனலின் கார்பன் ஃபைபர் மூடிக்கு அடியில் சிண்டிலேட்டர் என்ற படலம் இருக்கும். எக்ஸ்ரே பட்டால் ஒளிரும் பொருள் அது. நல்ல பேனல்களில் தாலியம் கலந்த சீசியம் அயோடைடு. இதை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நட்டுவைத்த ஊசிகள் மாதிரி இருக்கும். ஒவ்வொரு ஊசியும் சில மைக்ரான் தடிமன், அரை மில்லிமீட்டர் அளவுக்கு உயரம். 50 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள ஓர் எக்ஸ்ரே துகள் உள்ளே முழுக்க உறிஞ்சப்பட்டால் சுமார் 2,500 ஒளித்துகள்கள் பிறக்கின்றன. அந்த ஒளி பக்கவாட்டில் சிதறாமல், குழாயில் தண்ணீர் இறங்குவதுபோல, பெரும்பாலும் அதே ஊசி வழியாகக் கீழே இறங்கிவிடுகிறது. கீழே கண்ணாடித் தகட்டில் அமார்ஃபஸ் சிலிக்கான் ஃபோட்டோடயோடுகள் வரிசை வரிசையாகப் பதிந்திருக்கும். ஒவ்வொன்றும் ஒரு பிக்சல், ஒவ்வொன்றுக்கும் டிஎஃப்டி என்ற ஒரு குட்டி ஸ்விட்ச். எக்ஸ்போஷர் முடிந்ததும் ஒரு வரிசை ஸ்விட்ச்சுகளைத் திறந்து, சேர்ந்திருக்கும் மின்னூட்டத்தை வாசித்து எண்ணாக்கும். பிறகு அடுத்த வரிசை. பேனல் பழுதானால் படத்தில் புள்ளியாக இல்லாமல் நேர்கோடாகத் தெரிவதற்கு இந்த வரிசை வாசிப்புதான் காரணம். ஒரு வரிசையின் இணைப்பு போனால் அந்த வரிசை முழுக்கப் போய்விடும்.

பிக்சல் அளவு 140 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் 35க்கு 43 செ.மீ. பேனலில் சுமார் 77 லட்சம் பிக்சல். ஒன்றுக்கு 2 பைட் என்றால் ஒரு படம் 15 எம்பி. இரண்டு, மூன்று நொடியில் திரையில் முன்னோட்டம் வந்து விழும். நோயாளி ஸ்டாண்டை விட்டு நகர்வதற்குள் படம் சரியா இல்லையா என்று தெரிந்துவிடுகிறது. இந்த வசதியின் அருமை தொட்டியில் பிலிம் கழுவியவர்களுக்குத் தெரியும்.

மலிவான பேனல்களில் சீசியம் அயோடைடுக்குப் பதிலாக காடாக்ஸ் என்று சுருக்கமாகச் சொல்லும் கடோலினியம் ஆக்சிசல்ஃபைடு இருக்கும். இது ஊசி அல்ல, பசையில் குழைத்துப் பூசிய பொடி. ஒளி நாலாபக்கமும் சிதறும். சிதறலைக் குறைக்கப் படலத்தை மெலிதாக்குவார்கள். மெலிதாக்கினால் எக்ஸ்ரே பாதி நிற்காமல் கடந்து போய்விடும். விழுந்த எக்ஸ்ரேயில் எவ்வளவை உருப்படியான தகவலாக மாற்றுகிறது என்பதற்கு டிக்யூஈ என்று ஓர் அளவு உண்டு. சீசியம் அயோடைடு பேனலில் இது 60 சதவீதத்துக்கு மேல் இருக்கும், காடாக்ஸில் 40 சதவீதத்தை ஒட்டி, சிஆரில் 30 சதவீதத்துக்குள். பிரசுரத்தில் "ஹை ரெசல்யூஷன்" என்று பெரிய எழுத்தில் போட்டு, சிண்டிலேட்டர் எதுவென்று போடாமல் விட்டிருந்தால் கேட்டு வாங்குங்கள். குழந்தைகளுக்குப் படம் எடுக்கும் இடத்தில் காடாக்ஸ் வாங்க வேண்டாம்.

சீசியம் அயோடைடுக்கு ஒரு பலவீனம் உண்டு, ஈரத்தை உறிஞ்சும். அதனால்தான் அதைக் காற்றுப் புகாமல் மூடிவைத்திருப்பார்கள். பேனல் கீழே விழுந்து ஓரத்தில் அந்த மூடல் விட்டுப்போனால் உடனே ஒன்றும் தெரியாது. சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் சில மாதம் கழித்து ஓரத்தில் மங்கலான திட்டு தெரிய ஆரம்பிக்கும். அதற்குள் விழுந்த நாளையே எல்லோரும் மறந்திருப்பார்கள்.

சிஆரை ஏளனமாகப் பார்க்க வேண்டாம்

சிஆர் ஃபியூஜி கொண்டுவந்த முறை, 1983 முதல் சந்தையில் இருக்கிறது. கேசட்டுக்குள் பிலிமுக்குப் பதில் யூரோப்பியம் கலந்த பேரியம் ஃபுளோரோஹேலைடு பூசிய தகடு. எக்ஸ்ரே பட்டால் அதன் ஆற்றலில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரீடருக்குள் சிவப்பு லேசர் வரிவரியாக ஓடும்போது அந்த ஆற்றல் நீல ஒளியாக வெளியே வரும். அதைப் பிடித்து எண்ணாக்குவார்கள். மிச்சத்தைப் பளீரென்ற வெள்ளை விளக்கில் அழித்துவிட்டால் தகடு அடுத்த ஆளுக்குத் தயார்.

குறைகள் தெரிந்தவைதான். கேசட்டைத் தூக்கிக்கொண்டு ரீடருக்கு நடக்க வேண்டும். எடுத்த படத்தை வாசிக்காமல் போட்டுவைத்தால் மங்கும், 8 மணி நேரத்தில் கால்வாசி சமிக்ஞை போய்விடும். தகடு சும்மா கிடந்தாலும் சுற்றியுள்ள கதிரைச் சேர்த்துக்கொள்ளும். ஞாயிறு விடுமுறை முடிந்து திங்கள் காலையில் எல்லாக் கேசட்டையும் ஒருமுறை அழித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். படத்தில் கேசட் நகரும் திசையில் மெல்லிய வெள்ளைக் கோடு வந்தால் தகட்டைக் குறை சொல்லாதீர்கள். ரீடருக்குள் ஒளி சேகரிக்கும் பாகத்தில் தூசி உட்கார்ந்திருக்கிறது. எந்தக் கேசட் போட்டாலும் அதே இடத்தில் கோடு வந்தால் அது ரீடர், ஒரு கேசட்டில் மட்டும் வந்தால் அது தகட்டின் கீறல். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும், சர்வீஸ் ஆளுக்குப் போன் போடும் முன் செய்துவிடலாம்.

ஆனால் சிஆருக்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது. எக்ஸ்ரே எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் ஓடியது என்ற கவலையே அதற்குக் கிடையாது. இரண்டு நொடி ஓடினாலும் வாங்கிக்கொள்ளும். மெஷின் எவ்வளவு பழையதாக இருந்தாலும் சிஆர் அதோடு ஒத்துப்போகும். நாளுக்குப் பத்து, பதினைந்து படம், பழைய 60 எம்ஏ மொபைல் மெஷின் என்றால் சிஆர்தான் பொருத்தம். டிஆர் அங்கே வீண் செலவு.

பழைய மெஷினோடு முட்டும் இடம்

வயர்லெஸ் பேனலுக்கும் எக்ஸ்ரே ஜெனரேட்டருக்கும் நடுவே ஒயர் கிடையாது. எக்ஸ்ரே வந்துவிட்டது என்பதைப் பேனல் தானாகவே உணர வேண்டும். இதை ஏஈடி என்கிறார்கள். கேட்க அழகாக இருக்கும். நடைமுறையில் மூன்று இடத்தில் காலை வாரும்.

முதலாவது, கதிர் மிகக் குறைவாக இருக்கும்போது உணராது. கைக்குழந்தையின் விரல், 45 கேவி (டியூபுக்குக் கொடுக்கும் கிலோவோல்ட்), 1 எம்ஏஎஸ் (எம்ஏவை நொடியால் பெருக்கிய அளவு), கதிர் விழும் பரப்பை அடக்கும் கோலிமேட்டரை நன்றாகக் குறுக்கி, பேனலின் ஓரத்தில் வைத்து எடுக்கிறீர்கள். சில பேனல்களில் உணரும் சென்சார் குறிப்பிட்ட சில இடங்களில்தான் இருக்கும். கதிர் அங்கே படவில்லை என்றால் பேனல் தூங்கிக்கொண்டே இருக்கும். குழந்தைக்குக் கதிர் போயிற்று, படம் இல்லை. பரப்பு முழுவதும் உணரும் பேனலா என்று கேளுங்கள். இல்லையென்றால் சிறிய உறுப்புகளைப் பேனலின் நடுவில் வைத்தே எடுக்க வேண்டும்.

இரண்டாவது நேர்மாறு. ஸ்ட்ரெச்சரில் பேனல் இடிபட்டால், பக்கியில் (டேபிளுக்கு அடியிலோ ஸ்டாண்டிலோ கேசட்டைப் பிடிக்கும் பெட்டி) ட்ரேயை வேகமாகத் தள்ளினால், அதிர்வை எக்ஸ்ரே என்று நினைத்துக்கொண்டு வெற்றுப் படம் எடுத்துவிடும். அந்த நேரத்தில் உண்மையான எக்ஸ்போஷர் கொடுத்தால் அது வீண்.

மூன்றாவதுதான் அதிகம் படுத்துவது. எக்ஸ்ரேயை உணர்ந்ததும் பேனல் ஒரு குறிப்பிட்ட நேரம் மட்டுமே கதவைத் திறந்து வைத்திருக்கும். பிறகு வாசிக்கத் தொடங்கிவிடும். அந்த நேரம் பேனலுக்குப் பேனல் மாறும். சிலவற்றில் அரை நொடி, சிலவற்றில் ஒரு நொடிக்கு மேலும் அமைக்கலாம். இப்போது கணக்குப் போடுங்கள். பருமனான ஒருவருக்கு எல்எஸ் ஸ்பைன் லேட்டரல் (கீழ் முதுகெலும்பைப் பக்கவாட்டில் எடுக்கும் படம்), 90 கேவி, 80 எம்ஏஎஸ். மெஷின் 100 எம்ஏ தந்தால் 0.8 நொடி ஓடும். அந்தக் கேவியில் 60 எம்ஏதான் தரும் என்றால் 1.33 நொடி. பேனலின் நேரம் ஒரு நொடி என்றால் கடைசி 0.33 நொடிக் கதிர், அதாவது ஏறக்குறைய கால்வாசி, நோயாளியின் உடம்பில் இறங்கும். படத்தில் சேராது. போதாக்குறைக்கு வாசித்துக்கொண்டிருக்கும்போதே கதிர் விழுவதால் பட்டைபட்டையாகக் கோடு வரும். டெக்னீஷியன் படம் புள்ளிபுள்ளியாக இருக்கிறதே என்று எம்ஏஎஸ்ஸை ஏற்றுவார். நேரம் இன்னும் நீளும், படம் முன்னேறாது, டோஸ் மட்டும் ஏறும்.

இதற்கு மருந்து மூன்று. எம்ஏஎஸ்ஸை ஏற்றாமல் கேவியை ஏற்றுவது ஒன்று. கேவியை 15 சதவீதம் ஏற்றினால் எம்ஏஎஸ்ஸைப் பாதியாக்கலாம் என்ற பழைய விதி இங்கே கை கொடுக்கும், மெஷின் அந்தக் கேவியைத் தாங்குமானால். பேனலின் திறப்பு நேரத்தை மென்பொருளில் நீட்டச் சொல்வது இன்னொன்று. நீட்டினால் இருட்டு மின்னோட்டத்தின் (கதிர் இல்லாமலே பேனலில் ஊறும் மின்னோட்டம்) இரைச்சல் கொஞ்சம் கூடும், ஏற்றுக்கொள்ளலாம். கடைசியாக, எக்ஸ்ரே வருவதைப் பேனலுக்குச் சொல்ல ஹேண்ட் ஸ்விட்ச்சிலிருந்து சிங்க் கேபிள் இழுப்பது. வயர்லெஸ் என்று பணம் கொடுத்து வாங்கிவிட்டு ஒயர் இழுப்பதா என்று முகம் சுளிப்பார்கள். நிலையான டேபிளுக்கு இதுவே உத்தமம்.

மின்சாரமும் இதில் ஒரு பங்காளி. லைன் வோல்டேஜ் சாயங்காலம் இறங்கும் ஊர்களில் மெஷின் காட்டும் கேவி ஒன்று, வருவது இன்னொன்று. பிலிமில் இதைத் தொட்டியில் சரிக்கட்டினார்கள், இன்னும் கொஞ்சம் நேரம் ஊறவிட்டு. பேனல் அப்படி ஊறாது. பேனல் வாங்கும் முன் மெஷினுக்கு கேவி, டைமர், எம்ஏ சோதனை செய்துவிடுங்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கேட்கும் இரண்டாண்டுக்கு ஒருமுறை தரச் சோதனை எப்படியும் செய்யத்தானே வேண்டும், அந்த அறிக்கையைத் தூசி தட்டிப் படித்தாலே பாதி விஷயம் தெரியும்.

படம் கூர்மையாக இருக்குமா?

எல்லோரும் டிஜிட்டல் என்றால் கூர்மை என்று நினைக்கிறார்கள். உண்மை அதுவல்ல. 140 மைக்ரான் பிக்சல் ஒரு மில்லிமீட்டருக்குள் அதிகபட்சம் மூன்றரை ஜோடிக் கோட்டைத்தான் பிரித்துக் காட்டும். 100 மைக்ரான் என்றால் ஐந்து. நல்ல பிலிம், நல்ல ஸ்கிரீன் இதைத் தாண்டும். விரலில் மயிரிழை முறிவைப் பார்க்கும்போது பழைய பிலிமையே மெச்சும் எலும்பு மருத்துவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

டிஜிட்டல் ஜெயிப்பது வேறு இடத்தில். பிலிம் தாங்கும் எக்ஸ்போஷர் எல்லை குறுகியது. கொஞ்சம் கூடினால் கறுத்துவிடும், குறைந்தால் வெளுத்துவிடும். பேனல் பத்தாயிரத்துக்கு ஒன்று என்ற விகிதம் வரை ஏற்றத்தாழ்வைப் பதிவு செய்யும். அதனால் ஒரே செஸ்ட் படத்தில் நுரையீரலையும் பார்க்கலாம், விண்டோவை (திரையில் காட்டும் கறுப்பு வெள்ளை எல்லையை) நகர்த்தி இதயத்துக்குப் பின்னால் மறைந்திருக்கும் நிழலையும் பார்க்கலாம். திரும்ப எடுக்கும் படங்கள் குறைகின்றன. எக்ஸ்போஷர் தவறுக்காகத் திரும்ப எடுப்பது கிட்டத்தட்ட நின்றே போகும். ஆள் அசைந்ததற்கும் பொசிஷன் தவறியதற்கும் திரும்ப எடுப்பது அப்படியே தொடரும். அதற்கு எந்தப் பேனலும் மருந்தல்ல.

டோஸ் தானாகக் குறையாது

பிரசுரங்களில் அதிகம் ஏமாற்றும் வரி, "டோஸ் பாதியாகக் குறையும்" என்பது. குறைக்க முடியும் என்பதுதான் சரி. ஒரு செஸ்ட் பிஏ படத்துக்கு சுமார் 0.02 மில்லி சீவர்ட் (உடம்பு வாங்கும் கதிரின் அளவு). இயற்கையாகவே ஆண்டுக்கு உலகச் சராசரி 2.4 மில்லி சீவர்ட் எல்லோருக்கும் சேர்கிறது என்பதால் இது மூன்று நாள் கணக்கு, பயப்பட ஒன்றுமில்லை. எல்எஸ் ஸ்பைன் என்றால் 1.5 மில்லி சீவர்ட் அளவுக்குப் போகும், ஏழு மாதத்துக்கு மேல். அங்கே கை கூசத்தான் வேண்டும்.

பிலிம் காலத்தில் எம்ஏஎஸ் இரட்டிப்பானால் படம் கறுத்து உங்களைத் திட்டும். டிஆரில் இரட்டிப்பாக்கினால் படம் இன்னும் வழுவழுப்பாக, அழகாக வரும். குறைத்தால்தான் மணல் தூவியதுபோல் இருக்கும், ரேடியாலஜிஸ்ட் கூப்பிட்டுக் கேட்பார். குறைவுக்குத் திட்டு, கூடுதலுக்குப் பாராட்டு. இப்படி இருந்தால் ஆறு மாதத்தில் எல்லா டெக்னீஷியன் கையும் தானாக மேலே ஏறும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை.

இதைப் பிடிப்பதற்கென்றே திரையின் மூலையில் ஓர் எண் இருக்கும். முன்பு இது கம்பெனிக்குக் கம்பெனி தலைகீழாக இருந்தது. ஃபியூஜியின் எஸ் எண் டோஸ் கூடினால் குறையும், கோடாக்கின் எண் 300 கூடினால் டோஸ் இரட்டிப்பு, அக்ஃபாவின் எண் 0.3 கூடினால் இரட்டிப்பு. 2008இல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் எல்லோருக்கும் ஒரே முறையை வகுத்தது. எக்ஸ்போஷர் இண்டெக்ஸ் ஓர் எண், அது இலக்கிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பது டிஐ என்ற இன்னோர் எண். டிஐ பூஜ்யம் என்றால் கச்சிதம். +1 என்றால் கால்வாசி கூடுதல். +3 இரட்டிப்பு. −3 பாதி. வாரம் ஒருமுறை உட்கார்ந்து செஸ்ட் பிஏ படங்களின் டிஐயைப் பார்த்தால் போதும். தொடர்ந்து +2, +3 என்று வந்தால் எம்ஏஎஸ்ஸை ஒரு படி இறக்குங்கள். ஆனால் ஒன்று, இலக்கு எண்ணை நிறுவும்போது சர்வீஸ் இன்ஜினியர் உட்கார்ந்து உங்கள் மெஷினுக்கும் உறுப்புகளுக்கும் ஏற்ப அமைக்க வேண்டும். பல இடங்களில் பெட்டியிலிருந்து வந்த எண்ணையே விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அப்படியானால் டிஐ வெறும் அலங்காரம்.

இன்னொரு வழக்கத்தையும் கவனியுங்கள். கோலிமேட்டரை அகலமாகத் திறந்து எடுத்துவிட்டு, பிறகு மென்பொருளில் ஓரத்தை வெட்டிக் கறுப்பாக்கிவிடுகிறார்கள். படம் பார்க்க ஒழுங்காக இருக்கும், ஆனால் கதிர் போனது போனதுதான்.

மென்பொருள் செய்யும் கோளாறு

பேனலிலிருந்து வரும் கச்சாப் படத்தை யாரும் பார்ப்பதில்லை. உறுப்புக்கு ஏற்றபடி மென்பொருள் வெளிச்சம், மாறுபாடு, ஓரக் கூர்மை எல்லாவற்றையும் மாற்றித்தான் காட்டுகிறது. செஸ்ட்டை அப்டமன் என்று தேர்ந்தெடுத்து எடுத்தால் நுரையீரல் நிழல்கள் கறுப்பில் அமுங்கிவிடும். எக்ஸ்போஷரில் தவறே இருக்காது, பெயர்தான் தவறு. சரியான பெயரில் மறுபடி பிராசஸ் செய்தாலே போதும், திரும்ப எடுக்க வேண்டியதில்லை.

மிக நுட்பமான வலை ஒன்று இடுப்பு மாற்று அறுவை செய்தவர்களின் படத்தில் இருக்கிறது. ஓரக் கூர்மையை அதிகமாக வைத்தால் உலோகத் தண்டைச் சுற்றி ஒரு மெல்லிய கறுப்பு விளிம்பு தோன்றும். தண்டு எலும்பிலிருந்து தளர்ந்துவிட்டால் தெரியும் இடைவெளி எப்படியிருக்குமோ அப்படியே இருக்கும். உண்மையில் அங்கே ஒன்றுமில்லை. அடையாளம் காண வழி உண்டு: உலோகத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே அகலத்தில், திசுவுக்குள் நீட்டிய பகுதியிலும் அதே விளிம்பு இருந்தால் அது மென்பொருளின் வேலை. எலும்பு மருத்துவர் பார்க்கும் சென்டரில் கூர்மை குறைத்த ஒரு தனி அமைப்பைச் செய்து வைத்துக்கொள்வது நல்லது.

இடம் வலம் விஷயத்தில் மென்பொருளை நம்பவே வேண்டாம். ஈய எழுத்தை எக்ஸ்போஷரின்போதே வைத்துவிடுங்கள். படத்தை மவுஸால் திருப்பிய பிறகு மென்பொருளில் "வலது" என்று தட்டினால் அது எந்தப் பக்கத்திலும் போய் உட்காரும்.

டெமோவில் செய்து பார்க்க வேண்டியவை

டீலர் கொண்டுவரும் டெமோவில் செஸ்ட் படம் மட்டும் எடுத்துக் காட்டுவார். செஸ்ட் எந்தப் பேனலிலும் நன்றாகத்தான் வரும். உங்கள் மெஷினில், உங்கள் பக்கியில் இவற்றைக் கேளுங்கள். ஆளை வைத்து அல்ல, தண்ணீர் கேனையும் அலுமினியத் தகட்டையும் வைத்து.

பேனலின் நான்கு மூலையிலும் 45 கேவி, 1 எம்ஏஎஸ் கொடுத்து உணர்கிறதா பாருங்கள். 20 லிட்டர் தண்ணீர் கேனை டேபிளில் வைத்து, எல்எஸ் லேட்டரலுக்கு நீங்கள் போடும் அதே கணக்கில் எடுங்கள், பட்டை வருகிறதா என்று படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். தயார் நிலையில் பேனலை விரலால் தட்டுங்கள். பக்கி ட்ரேக்குள் முழுக்கத் தள்ளிவிட்டு எடுங்கள், பழைய இரும்பு ட்ரே வைஃபையை மறைக்கும், படம் வராமல் சுற்றிக்கொண்டே நிற்கும். பரிமாற்றத்தின் நடுவே கம்ப்யூட்டரை அணைத்துவிடுங்கள், மறுபடி போட்டதும் பேனலின் நினைவிலிருந்து அந்தப் படம் வர வேண்டும். மின்வெட்டு உள்ள ஊரில் இது சின்ன விஷயமல்ல.

கிரிட்டையும் மறக்காதீர்கள். சிதறிய கதிரைத் தடுக்கப் பேனலுக்கு முன் வைக்கும் ஈயக் கோட்டுத் தகடு அது. நகராத கிரிட்டின் கோடுகளும் பிக்சல் வரிசைகளும் ஒன்றோடொன்று சிக்கி, பட்டுச்சேலையில் தெரியும் நெளிவுபோல அலைக்கோடு வரும். பிலிமுக்கு வாங்கிய பழைய கிரிட்டில் இது சகஜம். கோடு நெருக்கமான கிரிட், அல்லது நகரும் பக்கி, அல்லது கோட்டை நீக்கும் மென்பொருள், ஏதாவது ஒன்று வேண்டும். 100 செ.மீ.க்கு வடிவமைத்த கிரிட்டை 180 செ.மீ. செஸ்ட் ஸ்டாண்டில் மாட்டியிருந்தால் படத்தின் இரண்டு ஓரமும் வெளிறும். மென்பொருள் அதைச் சமன் செய்து மறைத்துவிடும், இரைச்சல் மட்டும் மிஞ்சும்.

அளவைப் பொறுத்தவரை 14க்கு 17 பேனல் கேசட்டின் அதே தடிமனில், 15 மி.மீ. சுற்றி இருப்பதால் பழைய ட்ரேயில் உட்காரும். 17க்கு 17 உட்காராது, ட்ரேயை மாற்ற வேண்டும். ஆனால் அதில் அகன்ற மார்புக்காகப் பேனலைக் குறுக்காகத் திருப்பும் வேலை இருக்காது.

கையெழுத்துப் போடும் முன்

கேலிபரேஷனை யார் செய்வார்கள், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று எழுதி வாங்குங்கள். பேனலின் எல்லாப் பிக்சலும் ஒரே மாதிரி உணர்வதில்லை. நடுவே எதுவும் வைக்காமல் சீராகக் கதிர் கொடுத்து அந்த வித்தியாசத்தை அளந்து கழிப்பதுதான் கெயின் கேலிபரேஷன். 70 கேவி, டியூப் முகத்தில் 21 மி.மீ. அலுமினியம், கிரிட் இல்லாமல், கோலிமேட்டர் முழுக்கத் திறந்து, தூரம் 150 செ.மீ.க்குக் குறையாமல் என்பது வழக்கமான முறை. பேனலை ஆன் செய்து அரைமணி நேரம் ஏசியில் சூடு நிலைத்த பிறகு செய்ய வேண்டும். அவசரத்தில் குளிர்ந்த பேனலில் செய்துவிட்டுப் போனால் மத்தியானம் வரும் படங்களில் திட்டுத்திட்டாகத் தெரியும். கேலிபரேஷன் நேரத்தில் டியூப் முகத்தில் ஒரு துளி கான்ட்ராஸ்ட் மருந்து ஒட்டியிருந்தாலும் அதன் தடம் அடுத்த கேலிபரேஷன் வரை எல்லாப் படத்திலும் பேயாக நிற்கும்.

கீழே விழுந்தால் வாரண்டி உண்டா என்பது அடுத்தது. பெரும்பாலும் கிடையாது. பேட்டரியோடு மூன்று கிலோவுக்கு மேல் எடை, வழுவழுப்பான விளிம்பு, அவசரத்தில் ஓடும் கை. கண்ணாடித் தகட்டுப் பேனல் உடைந்தால் பழுது பார்ப்பது என்ற பேச்சே இல்லை, புதிதுதான். கண்ணாடி இல்லாத வளையும் தகட்டுப் பேனல்கள் விலை கூடினாலும் போர்ட்டபிளுக்கு அதிகம் போகும் இடத்தில் அந்தக் கூடுதல் காசு வீண்போகாது. எப்படியும் தனி இன்சூரன்ஸ் போடுங்கள். நின்றபடி பாதம் எடுக்கும்போது பேனல் மேல் ஆளை நேரடியாக ஏற்றாமல் பாதுகாப்பு மூடி போடுங்கள். முழுப் பரப்பில் 150 கிலோ தாங்கும் என்று எழுதியிருந்தாலும் ஒரு குதிகாலின் சின்ன வட்டத்தில் அழுத்தும் எடைக்குத் தாங்கும் அளவு வேறு, அதுவும் தாளில் தனியாக இருக்கும்.

மென்பொருள் உரிமம் ஒரு கம்ப்யூட்டருக்கா, கம்ப்யூட்டர் கெட்டால் மறுபடி காசா? டைகாம் வடிவில் (மருத்துவப் படங்களுக்கான பொதுக் கோப்பு வடிவம்) வேறு பேக்ஸுக்கு (படங்களைச் சேமித்துப் பகிரும் கணினி அமைப்பு) அனுப்ப தனிக் கட்டணமா? இவையெல்லாம் பிறகு தெரியவந்தால் கோபம்தான் வரும். இப்போது நிறைய இடங்களில் மருத்துவருக்குப் படம் போவது வாட்ஸ்அப்பில்தான். அங்கே போவது விண்டோ ஏற்கெனவே உறைந்துபோன ஜேபெக். பேனல் பதிவு செய்த ஆயிரக்கணக்கான சாயல்களில் 256 மட்டுமே மிச்சம். முறிவு இருக்கிறதா என்று பார்க்க ஒருவேளை போதும். நியூமோதோராக்ஸின் (நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்வது) மெல்லிய கோட்டைத் தேட அது போதாது. காசநோய்க்குக் கணினியே படம் வாசிக்கும் மென்பொருட்களை 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. அந்த மென்பொருட்களுக்கும் டைகாம் கோப்பைக் கொடுப்பதே முறை, திரையைப் போனில் படம் பிடித்து அனுப்புவது அல்ல.

டார்க் ரூமைக் காலி செய்து இன்னொரு அறையாக்கப் போகிறீர்கள் என்றால், தொட்டியில் மிஞ்சிய ஃபிக்சரை (பிலிம் கழுவும் ரசாயனம்) சாக்கடையில் ஊற்றிவிடாதீர்கள். கழுவிய ஒவ்வொரு பிலிமிலிருந்தும் கரைந்த வெள்ளி அதில்தான் இருக்கிறது. வெள்ளி பிரிப்பவர்கள் அதையும் பழைய பிலிமையும் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள். வழக்குச் சம்பந்தப்பட்ட பிலிம்களை மட்டும் முதலில் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.